யாரும் இல்லப்பா

நான் கொத்தனார். சுவருக்குள் சத்தம் கேட்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பவன் நான்தான். குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் சுவர் முனகும். வெயில் இறங்கும் நேரத்தில் பூச்சு விட்டுப்போய் டப்பென்று கேட்கும். எலிக்கு ஒரு சத்தம், பல்லிக்கு ஒரு சத்தம், குளவிக்கு ஒரு சத்தம். பாதி ஆயுசைச் சுவரோடு குடும்பம் நடத்திக் கழித்தவனை எந்தச் சத்தமும் லேசில் ஏமாற்றிவிட முடியாது.

அன்றைக்கு நான் கேட்டது குழாயும் இல்லை, எலியும் இல்லை. நான் குடித்திருக்கவும் இல்லை. நம்ப முடியாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம். நானும் உங்கள் பக்கம்தான் இருந்தேன், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தே கால் மணி வரைக்கும்.

முதலில் எங்கள் கூட்டத்தில் உள்ள ஒரு பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வாசலையோ பொந்தையோ அடைக்கும்போது, கடைசிக் கல்லை வைப்பதற்கு முன்னால் கலவை பூசும் கரணையின் காம்பால் மூன்று தட்டு தட்டுவோம். "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காது கொடுப்போம். அப்புறம்தான் கல். பக்தியும் கிடையாது, பயமும் கிடையாது. ஒரு தடவை பூனைக்குட்டிகளை உள்ளே வைத்துப் பூசிவிட்டு, ராத்திரி முழுக்க அதுகள் கத்தி, மறுநாள் காலை கைக்காசில் உடைத்துக் கட்டினோம். அதிலிருந்து வந்த பழக்கம்.

என் மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். சின்ன வயதில் பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். நான் தட்டிக் கேட்கும் நேரம் பார்த்துச் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்றுகொள்வாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யாரும் இல்லப்பா" என்பாள். சாரத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு அது சலித்ததே இல்லை.

வாலு வளர்ந்து பல்கலைக்கழகம் போனாள். எங்கள் குடும்பத்தில் அந்த வாசலை மிதித்த முதல் ஆள். நான் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றதும் அவளும் அவள் தோழர்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூலிக்காரர்களுக்கு நடத்திய வகுப்பில்தான். அந்த வகுப்பே மேலே இருந்தவர்களுக்குக் கண்ணை உறுத்தியது. பிறகு விடுதிச் சமையலறையில் வேலை செய்தவர்களின் கூலியைப் பாதியாக வெட்டினார்கள். பிள்ளைகள் சிவப்புக் கொடியைக் கட்டிக்கொண்டு விடுதி முன்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேயே சாப்பாடு, அங்கேயே படுக்கை.

ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போலீஸ் உள்ளே புகுந்தது. பதினோரு பேரைக் கொண்டுபோனார்கள். அதில் வாலுவும் ஒருத்தி.

நானும் என் சம்சாரமும் ஏறி இறங்காத ஸ்டேஷன் இல்லை. எல்லா இடத்திலும் ஒரே பதில். "அப்படி யாரும் இங்க இல்ல." ஒருவர் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை. இன்னொருவர் பல்லைக் குத்திக்கொண்டே, "எவனோடயாவது போயிருப்பா. நாலு எடத்துல விசாரி" என்றார். என் சம்சாரம் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நான்தான் அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன்.

எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் எங்களுக்கு முன்பே ஒரு தையல்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்க மறந்தே வந்திருப்பார். அவருடைய மகனும் அந்தப் பதினோரு பேரில் ஒருவன். "நெட்டைன்னு கேட்டா அங்க எல்லாருக்கும் தெரியும் சார். எந்த வாசல்லயும் குனிஞ்சுதான் நுழைவான். நல்லா பாத்துச் சொல்லுங்க" என்று கெஞ்சுவார். அவருக்கும் அதே பதில்தான்.

பிள்ளைகளுக்காக வாதாட ஒரு வக்கீலம்மா முன்வந்தார். அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஐயா, எங்க வச்சிருக்காங்கன்னு ஒரு எடத்தோட பேரு குடுங்க. மறுநாளே கோர்ட்டுல நிறுத்த வைக்கறேன். பேரே இல்லாம நான் எந்தக் கதவத் தட்டறது? சீக்கிரம் தெரிஞ்சாகணும். நாளாக நாளாக…"

முடிக்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை மதியம் மேஸ்திரி வந்தார். மூடிக்கிடக்கும் விடுதியில் கீழ்த்தளத்து அறை ஒன்றின் வாசலை அடைக்க வேண்டுமாம். இருட்டுவதற்குள் முடிக்க வேண்டுமாம். என் மகள் அந்தப் பதினோரு பேரில் ஒருத்தி என்பது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

"அவங்க வேலைக்கா போறீங்க?" என்றாள் என் சம்சாரம். நாலு நாளாக அடுப்புப் பற்ற வைக்காதவள்.

"உள்ள போக வேற வழி இல்ல."

குடிக்கிற தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து என் பையில் வைத்தாள். சிவப்பு மூடி போட்ட பாட்டில். மூடி கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இறுக்கித் திருகினால்தான் நிற்கும். "அவ படுத்த எடத்தையாவது பாத்துட்டு வாங்க" என்றாள்.

என்னோடு சித்தாளாகப் பெரியக்கா வந்தாள். வாய் ஓயாதவள். அன்றைக்கு அவள் வந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று அவளுக்குத் தெரியாது.

விடுதி வாசலில் ஒரு இளவயதுப் போலீஸ்காரர் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். முன்கூடத்தில் பாய்கள் அப்படியே கிடந்தன. கீழே இறங்கும் படிக்கட்டு வரை வந்தவர் முதல் படியிலேயே நின்றுவிட்டார்.

"நீங்க போங்க. நான் இங்க நிக்கறேன்."

"வாங்க தம்பி, கீழ குளுகுளுன்னு இருக்கும்" என்றாள் பெரியக்கா.

"வேணாம்."

சொன்ன விதம் ஒரு மாதிரி இருந்தது. அவர் படிக்கட்டைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே ஒரே ஒரு பல்பு. "வெளிச்சத்தப் பாரு, என் மாமியா மனசு மாதிரி" என்றாள் பெரியக்கா. நான் சிரிக்கவில்லை. அடைக்க வேண்டிய தாழ்வான வாசல் எதிரே இருந்தது. கதவைக் கழற்றி எடுத்திருந்தார்கள். படிக்கட்டுக்கு அடியில் வரும் சாமான் அறை. உள்ளே ஜன்னல் கிடையாது. பின்சுவர் ஓரம் குழாயில் கயிற்றுத் துண்டுகள் தொங்கின.

மூலையில் ஒரு செருப்பு கிடந்தது.

ஒற்றைச் செருப்பு. வார் அறுந்ததை நான்தான் செம்புக் கம்பியால் முறுக்கிக் கட்டிக் கொடுத்திருந்தேன்.

எடுத்துப் பைக்குள் வைத்தேன். பெரியக்கா பார்த்தாள். "யாரோடது?" என்றாள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு அதற்குப் பிறகு அவள் ஒரு பகடியும் சொல்லவில்லை.

பின்சுவரில் ஆள் உயரத்துக்குப் புதுப்பூச்சு இருந்தது. கரணை பிடிக்கத் தெரியாதவன் பூசிய பூச்சு. மட்டம் இல்லை, மணியாசுக் கட்டையால் தேய்த்து வழவழப்பாக்கவில்லை, விரல் தடம் அப்படியே இருந்தது. தட்டிப் பார்த்தேன். பொக்கு. உள்ளே கூடு விட்டிருக்கிறது. ஏதோ பழைய மாடத்தை அடைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

சரி, வேலையை முடித்தால்தான் வெளியே போக முடியும். வாசலுக்கு இந்தப் பக்கம் நின்று கல் வைக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது வரி வைக்கும்போது கலவைக்குத் தண்ணீர் கேட்டேன். பெரியக்கா வாளியை எட்டிப் பார்த்தாள்.

"பாதிதான் இருக்கு. நீங்க ஊத்தினீங்களா?"

"நான் தொடவே இல்ல."

வாளி ஓட்டையா என்று தூக்கிப் பார்த்தாள். இல்லை. வாளி இருந்த இடம் காய்ந்து கிடந்தது. மேலே போய் நிறைத்துக்கொண்டு வந்தாள். இடுப்பளவு சுவர் எழும்பியபோது மறுபடியும் பார்த்தோம்.

பாதி.

பெரியக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். "கட்டடத்துல ஈரம் இல்ல, அதான் இழுக்குது" என்றேன். வாளித் தண்ணீரை எந்தக் கட்டடமும் இழுக்காது. அது அவளுக்கும் தெரியும்.

நெஞ்சளவு வந்தது. கழுத்தளவு வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. வாளியில் மறுபடி தண்ணீர் இல்லை. பெரியக்கா அதை எடுத்துக்கொண்டு மேலே போனாள். போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

மிச்சம் ஒரே ஒரு கல். என் கண் மட்டத்தில் ஒரு கல் அளவு இடைவெளி. அதற்குள் இருட்டு.

மணி பார்த்தேன். ஐந்தே கால்.

பழக்கம் விடுமா… கரணையைத் திருப்பிப் பிடித்தேன்.

டொக். டொக். டொக்.

"உள்ள யாராச்சும் இருக்கீங்களா?"

காது கொடுத்தேன். மழைச் சத்தம் மட்டும்தான். கல்லை எடுத்தேன். கலவை தடவினேன்.

டொக்.

என் கை நின்றது.

டொக். டொக்.

உள்ளேயிருந்து.

பிறகு ஒரு குரல்…

"யாரும் இல்லப்பா."

கல் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. வலி தெரியவில்லை.

ஆண் குரல். வாலிபப் பையன் குரல். தொண்டை வறண்ட குரல்.

அந்த வார்த்தை என் மகளுடையது. வேறு யாருக்கும் தெரியாது. மிஞ்சிப்போனால் என் சாரத்தில் நின்ற நாலு பேருக்குத் தெரியும். அவர்களில் யாரும் இந்த அறைக்குள் இல்லை. இடைவெளியில் கண்ணை வைத்துப் பார்த்தேன். பல்பு வெளிச்சம் கோடாக உள்ளே விழுந்தது. குழாய். கயிறு. பூச்சு.

ஒருவரும் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள், ஏன் ஓடவில்லை என்று. ஏழு நாளில் என் மகளைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பதில் அது. அதை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"என் பொண்ணு எங்க?" என்றேன்.

ஒன்றும் இல்லை.

பல்பு மங்கியது. மறுபடி வந்தது.

"மாவு மில்லு…"

பின்சுவரிலிருந்து வந்தது. உயரத்திலிருந்து.

"மேல் மாடி."

அப்புறம் மூச்சு இழுக்கிற சத்தம். நீளமாக.

"தண்ணி…"

பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன். தூக்குக் குண்டு நூலை அதன் கழுத்தில் கட்டினேன். இடைவெளி வழியாக உள்ளே இறக்கினேன். நூல் விரலிடுக்கில் வழுக்கிக்கொண்டு போனது. அந்த அறைக்குள் எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியும். நின்று கட்டியவன் நான்.

தரையைத் தொட இன்னும் ஒரு முழம் இருந்தது.

நூல் தளர்ந்தது.

இழுத்தேன். வெறும் நூல் வந்தது.

முடிச்சு அவிழ்ந்திருந்தது.

"யாரோட பேசறீங்க?" மேலேயிருந்து போலீஸ்காரர்.

"யாரோடயும் இல்ல."

"ரெண்டு குரல் கேட்டுதே…"

கடைசிக் கல்லை எடுத்தேன். விளிம்பில் மட்டும் கலவை தொட்டு, நடுவில் வெறுமையாக விட்டு, வைத்தேன். வைப்பதற்கு முன் வாயை அந்த இடைவெளியில் வைத்து, "திரும்பி வரேன் தம்பி" என்றேன். ஏன் தம்பி என்று சொன்னேன், தெரியவில்லை.

பெரியக்கா வாளியோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். சாமான்களைப் பொறுக்கிக்கொண்டு ஏறினோம். முதல் படியில் போலீஸ்காரர் இல்லை. வெட்டவெளியில் மழையில் நனைந்துகொண்டு நின்றிருந்தார். எங்களைக் கடந்து போகவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"அந்தக் குரல்… தண்ணி கேட்டுதா?"

நான் நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் ஊரில் மாவு மில் ஒன்றே ஒன்றுதான். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், மூடிப் பல வருடம் ஆனது. நேராக வக்கீலம்மா வீட்டுக்குப் போனேன். "யாரு சொன்னாங்க?" என்று கேட்டார். "வேலை செய்யற எடத்துல ஒரு தம்பி சொன்னான்" என்றேன். பொய் இல்லை.

மறுநாள் பத்து மணிக்கு நீதிபதி ஆளனுப்பினார். மில்லின் மேல் மாடியில் பிள்ளைகள் இருந்தார்கள்.

பத்துப் பேர்.

வாலு ஒற்றைக் காலில் செருப்போடு வீட்டுக்கு வந்தாள். அவள் அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுது ஓயும் வரை காத்திருந்துவிட்டு, மற்றச் செருப்பை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எங்கே எடுத்தேன், என்ன கேட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் செருப்பின் கம்பியைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது நெட்டைப்பா" என்றாள்.

முதல் இரண்டு நாள் அவர்களை அந்த அறையில்தான் வைத்திருந்தார்களாம். கைகளைப் பின்னால் கட்டி, விளக்கு இல்லாமல். பயம் தெரியாமல் இருக்க ஆளுக்கொரு கதை சொல்லச் சொன்னானாம் நெட்டை. வாலு சுவர்க் கதையைச் சொல்லியிருக்கிறாள். எல்லோரையும்விட அவன்தான் அதிகம் சிரித்தானாம். "மூக்கைப் பிடிக்கக் கை இல்லையே" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தானாம்.

"அடி தாங்காம அவனுக்குத்தான் ரொம்ப தாகம். சனிக்கிழமை பூரா தண்ணி தண்ணின்னு கேட்டான். யாரும் குடுக்கல. ராத்திரி கேக்கறத நிறுத்திட்டான்."

செருப்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்புறம் எங்க கண்ணக் கட்டி வண்டியில ஏத்தினாங்க. அவன ஏத்தல. எங்கள எங்க கொண்டு போனாங்கன்னு எங்களுக்கே தெரியாது. அது மாவு மில்லுங்கறதே கோர்ட்டு ஆளு சொல்லித்தான் தெரியும். அவனுக்கு எப்படிப்பா தெரியும்?"

என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமைதானே நீ போன? சாயங்காலம்?"

"ஆமா."

"அன்னைக்குச் சாயங்காலம் நாங்க இருந்த சுவர்ல வெளிப்பக்கம் மூணு தட்டு கேட்டுதுப்பா. மேல் மாடி. வெளிய கால் வைக்க எடமே கிடையாது. எல்லாருக்கும் கேட்டுது. அப்புறம் அவன் குரல். ‘உங்கப்பா வந்தாரு. சொல்லிட்டேன்.' அவ்வளவுதான். ஏதோ பசி மயக்கம்னு நெனச்சோம்."

அவள் கையில் ரோமம் சிலிர்த்து நின்றது. என் கையிலும்.

அந்தச் சுவரைத் திறக்க உத்தரவு வாங்க வக்கீலம்மாவுக்கு நாலு மாதம் ஆனது. உடைக்க ஆள் வேண்டும் என்றபோது நானே போனேன். வருகிறேன் என்று சொல்லியிருந்தேனே. தையல்காரரும் வந்திருந்தார். கூட வந்த அதிகாரி படிக்கட்டில் நின்றுகொண்டு, "வீண் வேலை. அங்க யாரும் இல்ல" என்றார்.

நான் மூன்று தட்டு தட்டினேன். எனக்குக் கேட்க வாய் வரவில்லை. தையல்காரர் என்னை விலக்கிவிட்டுச் சுவரில் கன்னத்தை வைத்தார்.

"உள்ள இருக்கியாடா?"

பதில் வரவில்லை. ரொம்ப நேரம் காத்திருந்தார். பிறகு எனக்குத் தலையசைத்தார். வெறுமையாக விட்ட கல் ஒரே தட்டில் விழுந்தது.

பின்சுவரின் பூச்சுக்குப் பின்னால் அவன் இருந்தான். நின்றபடி, தலையைக் குனிந்தபடி. அந்த மாடம் அவன் உயரத்துக்குப் பத்தவில்லை. கைகள் பின்னால் கட்டியபடியே இருந்தன. செத்தது அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் என்று மாஜிஸ்திரேட் விசாரணையில் நிரூபணமானது.

நான் சொல்ல வந்தது அதுவும் இல்லை.

உள்ளே நுழைந்ததும் என் கண்ணில் முதலில் பட்டது பாட்டில். நான் இறக்கிய இடத்தில் இல்லை. பூச்சுக்கு நேர் கீழே, சுவரை ஒட்டி, நிமிர்ந்து நின்றது. நாலு மாதப் புழுதி தரை முழுக்கப் படிந்திருந்தது. ஒரு தடம் இல்லை. சிவப்பு மூடி இறுக்கி மூடியிருந்தது. தையல்காரரால் அதைத் திறக்க முடியவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினேன்.

அவர் அதை என் கையிலிருந்து வாங்கினார். தலைகீழாகக் கவிழ்த்தார்.

ஒரு சொட்டு இல்லை.

"குடிச்சிட்டான்" என்றார்.